கவுன்டருக்கு அந்தப் பக்கம்

படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பெரிய கடையில் பில் போடுவது. மூன்று வருடம் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு எட்டு வரை நிற்க வேண்டும். நடுவில் அரை மணி நேரம் இடைவேளை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு, பக்கத்துக் கவுன்டர் பெண்ணிடம் சொல்லி, "கவுன்டர் மூடப்பட்டுள்ளது" என்ற பலகையை எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தப் பலகையை வைக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். எங்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் நல்ல கூட்டம். ஒரு பொருளில் பார்கோடு ஸ்டிக்கர் கசங்கியிருந்தது. ஸ்கேனர் படிக்கவில்லை. எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் முதலில் நின்றவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பின்னால் நின்றவரிடம் திரும்பி, எனக்குக் கேட்கும்படி, "படிக்காததுங்களை எல்லாம் கொண்டுவந்து உட்கார வச்சா இப்படித்தான்" என்றார். பிறகு பணத்தைக் கவுன்டர் மேல் வீசினார். ஒரு நோட்டு வழுக்கி என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். "நன்றி, மீண்டும் வாங்க சார்" என்று சிரித்தபடி சொன்னேன். சொல்லாவிட்டால் மேலே கேமரா இருக்கிறது.

அன்று இரவு எனக்கு இரண்டு கோபம். ஒன்று, நான் பட்டதாரி, என்னைப் போய் படிக்காதவள் என்கிறாரே என்று. இன்னொன்று, காலையிலிருந்து நான் உட்காரவே இல்லையே என்று. முதல் கோபம் தப்பானது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. பக்கத்துக் கவுன்டர் பெண் பத்தாவதோடு நின்றவள். என்னைவிட வேகமாக பில் போடுவாள், கணக்கு ஒரு நாளும் தவறாது. அவளைப் பார்த்துச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த வார்த்தை சரியாகிவிடுமா? "அவரும் படித்தவர்தான், கஷ்டத்தால் இந்த வேலைக்கு வந்திருக்கிறார், அதனால் மரியாதையாக நடத்துங்கள்" என்று இப்போதும் பலர் நல்லெண்ணத்தில் சொல்வதைக் கேட்கிறேன். அந்தக் காரணமே வேண்டாம். அவர் வேறு எதுவாகவும் இல்லாமல் அந்த வேலையை மட்டுமே செய்கிறவர் என்றாலும் அதே மரியாதைதான்.

இரண்டாவது கோபம் சரியான கோபம். கடை ஊழியர்களின் கால்களுக்காகச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிரிட்டனில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. இங்கே கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றன. அந்தச் சட்டத்துக்கும் இதற்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேல். அத்தனை காலமும் வாடிக்கையாளர்கள் ஆகிய நாம் எதிரே நின்று பொருள் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த ஆள் பணத்தை வீசிய அதே மாதத்தில்தான் ஒரு பெரியவரும் வந்தார். வயது எழுபது இருக்கும். கூடையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, பார்கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கனமான பையைக் கடைசியாக எடுத்தார். அதைத் தூக்கி வைக்காமல், "நீங்க ஸ்கேனரைக் கையில எடுத்துக்கிட்டு வந்து இதுல காட்ட முடியுமாம்மா? தூக்க வேண்டாமே" என்றார். அவ்வளவுதான். என் பெயரைக் கேட்கவில்லை, பாராட்டவில்லை, பரிதாபப்படவும் இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது பொருளைப் புரட்டிப் புரட்டிக் கோட்டைத் தேடுவேன். இரவில் வலது மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். அந்த மணிக்கட்டை அவர் பார்த்திருக்கிறார். என் வேலை என்ன, அதில் எது வலிக்கும் என்று எதிரே நின்ற ஐந்து நிமிடத்தில் கவனித்திருக்கிறார். மரியாதை என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

இந்த மாதிரி வேலைகளில் சிரிப்பதும் வேலையில் சேர்த்தி என்பதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: உணர்ச்சி உழைப்பு. விமானப் பணிப்பெண்களை வைத்து அவர் ஆராய்ந்தது இதைத்தான். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே இந்த முகத்தைத்தான் காட்ட வேண்டும் என்று சம்பளத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறது. கால் வலிக்கும்போது சிரிப்பது ஒரு வேலை. திட்டு வாங்கிக்கொண்டே சிரிப்பது அதைவிடப் பெரிய வேலை. அதனால் கவுன்டரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்றால் எனக்குக் குறையே இல்லை. கணக்கு சரியாக இருந்தால் போதும். "முகத்தைப் பாரேன், காசு கொடுக்கிறோம், ஒரு சிரிப்புகூட இல்லை" என்று யாராவது சொன்னால், நாம் காசு கொடுத்தது பொருளுக்குத்தான் என்று சொல்லிவிடுவேன்.

சரி, இத்தனையும் அனுபவித்தவள் பிறகு எல்லோரையும் ஒழுங்காக நடத்தியிருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. அலுவலக வேலை கிடைத்து, அபார்ட்மென்டில் நாலாவது மாடிக்குக் குடிபோய், சில வருடங்களிலேயே எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

ஒரு நாள் டெலிவரி வர நாற்பது நிமிடம் தாமதம். லிஃப்ட் வேறு பழுது. அந்தத் தம்பி மூச்சிரைக்க வந்து நின்றார். காதில் போன் வைத்தபடியே கதவைத் திறந்து, பார்சலை வாங்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் சாத்தினேன். சாத்திய கையோடு ரேட்டிங்கில் இரண்டு நட்சத்திரம் போட்டேன். இரண்டு நாள் கழித்து வேறொரு பொருளோடு அவரே வந்தார். கொடுத்துவிட்டுத் தயங்கி நின்று, "மேடம், அன்னிக்கு என் மேல ஏதாவது தப்பா?" என்று கேட்டார்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். நான் முகவரியில் பிளாக் எழுத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். மூன்று முறை போன் செய்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. கேட்டில் வண்டியை உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்திவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டு, வேறொரு பிளாக்கில் நாலு மாடி ஏறி இறங்கி, பிறகு என் பிளாக்கில் நாலு மாடி. அவருடைய ரேட்டிங் குறைந்தால் அடுத்த வாரம் வரும் ஆர்டர் குறையும், ஊக்கத்தொகையும் போய்விடும். குரலை உயர்த்தவே இல்லை. நான் காலடியில் விழுந்த நோட்டைக் குனிந்து எடுத்தபோது எப்படி இருந்தேனோ, அதே முகம்.

"தப்பு உங்க மேல இல்ல தம்பி, முழுக்க என் மேலதான். மன்னிச்சிடுங்க" என்றேன். ரேட்டிங்கை மாற்றப் பார்த்தேன், மாற்ற முடியவில்லை. நிறுவனத்துக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். ஒப்புக்கு ஒரு பதில் வந்தது. அவருக்கு அது உதவியதா என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பொருள் வரும் நாளில் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். முகவரியில் அடையாளம் தெளிவாக எழுதியிருப்பேன். லிஃப்ட் ஓடவில்லை என்றால் நானே இறங்கிப் போய் வாங்கிக்கொள்வேன். முக்கியமாக, ரேட்டிங் கேட்டால் எதற்குக் கேட்கிறார்கள் என்று பார்ப்பேன். பொருள் சரியில்லை என்றால் அது விற்றவரின் தப்பு. தாமதம் என்றால் பாதி நேரம் மழை, கூட்டம், கிடங்கு. கொண்டுவந்தவர் கையில் இருந்தது என்னவோ அதற்கு மட்டும்தான் அவருக்கு மதிப்பெண். அவர் சம்பளம் அந்த ஐந்து நட்சத்திரத்தில் தொங்குகிறது என்று தெரிந்த பிறகு விரல் சும்மா போய்த் தட்டுவதில்லை.

மழை என்றதும் இன்னொன்று. எங்கள் வளாகத்தின் முகப்பில் அகலமான போர்டிகோ உண்டு. ஒரு மழை நாளில் டெலிவரிக்கு வந்த இருவரும், குப்பை எடுக்க வந்த அம்மாவும் அதன் ஓரத்தில் ஒதுங்கினார்கள். செக்யூரிட்டி அவர்களை வெளியே போகச் சொன்னார். அவர் மேல் கோபப்பட்டேன். "நான் என்னம்மா செய்ய? நிக்க விட்டா எனக்குத்தான் மெமோ வரும்" என்றார். யார் போட்ட விதி? எங்கள் சங்கம் போட்டது. நானும் அதில் உறுப்பினர். அந்த மினிட்ஸ் என் மெயிலுக்கு வந்திருக்கிறது, நான் படிக்கவே இல்லை.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் 1968 பிப்ரவரி 1-ம் தேதி எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கறுப்பினத்தவர்கள். மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் கோளாறாகி ஓட ஆரம்பித்து இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்குப் பின் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட அட்டையில் "நான் ஒரு மனிதன்" என்பது மட்டும்தான் எழுதியிருந்தது. அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான், ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மழைக்கு எங்கே ஒதுங்குவது என்பது சின்ன விஷயமாக எனக்கு இப்போது தோன்றுவதில்லை.

அடுத்த மீட்டிங்கில் நாலு விஷயம் கேட்டேன். மழையிலும் வெயிலிலும் யாரும் போர்டிகோவில் நிற்கலாம். செக்யூரிட்டி அறைக்கு முதுகு சாய்க்கிற மாதிரி நாற்காலியும் ஒரு மின்விசிறியும். வேலைக்கு வருகிறவர்கள் எல்லா லிஃப்ட்டிலும் ஏறலாம். அவர்களுக்குப் பூட்டு போடாத ஒரு கழிவறை. எதிர்ப்பு வந்தது. "இன்னிக்கு நாற்காலி கேட்பாங்க, நாளைக்குத் தூங்குவாங்க" என்றார் ஒருவர். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டை நாமே வைத்துவிட்டு இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். போர்டிகோ அன்றைக்கே முடிவானது. நாற்காலி ஒரு மாதத்தில் வந்தது. லிஃப்ட் விஷயத்தில் நிறைய முகம் சுளித்தார்கள், கடைசியில் அறிவிப்புப் பலகையைக் கழற்றினார்கள். கழிவறைக்கு எட்டு மாதம் ஆனது. நல்ல வார்த்தை பேசுவது நம் கையில் மட்டும் இருக்கிறது. நாற்காலியும் கழிவறையும் கூட்டமாகச் சேர்ந்து கேட்டால்தான் வரும். அதனால் நீங்கள் இருக்கும் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ ஒரு நாள் வெறுமனே நடந்து பாருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எங்கே உட்காருகிறார்கள், பையை எங்கே வைக்கிறார்கள், தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், எந்தக் கழிவறைக்குப் போகிறார்கள்? நாலுக்கும் பதில் தெரியவில்லை என்றால் யாரும் இதுவரை யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. "வா"வுக்கும் "வாங்க"வுக்கும் நடுவில் இரண்டே இரண்டு எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. அறுபதைத் தாண்டிய செக்யூரிட்டியைப் பார்த்து, "வாட்ச்மேன், பந்து அந்தப் பக்கம் போயிடுச்சு, எடுத்துக் குடு" என்று கத்தினான். அவரும் ஓடினார். நான் மகனை நிறுத்தி, "உன் தாத்தாகிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானேம்மா கூப்பிடுறாங்க" என்றான். உண்மைதான். அவன் எங்களிடமிருந்துதான் கற்றிருந்தான். அன்றைக்கு இருவரும் போய் அவர் பெயரைக் கேட்டோம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்றும் கேட்டோம். "தாத்தான்னே கூப்பிடு கண்ணு" என்றார் மகனிடம். என்னிடம் பெயரைச் சொன்னார். ஆறு வருடமாகத் தினமும் எனக்காகக் கேட்டைத் திறந்தவர்.

ஆனால் உறவு சொல்லிக் கூப்பிடுவதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவரை நான் முதல் நாளிலிருந்தே "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு நாள் அவர் காய்ச்சலோடு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. "ஏன்க்கா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றேன். "சொல்லலாம் பாப்பா. போன மாசம் ரெண்டு நாளுக்குப் பிடிச்சீங்கல்ல, அதான் வந்துட்டேன்" என்றார். குற்றம் சொல்லும் தொனியே இல்லை, கணக்கு சொல்லும் தொனி. வாய் அக்கா என்றது, கை சம்பளத்தைப் பிடித்திருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகம் முழுவதும் 7.56 கோடிப் பேர் வீட்டுவேலைத் தொழிலாளர்கள். முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். அதே அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ம் எண் உடன்படிக்கை, அவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் எனக்கு வார விடுமுறையும் மருத்துவ விடுப்பும் சம்பளத்தோடு கிடைக்கின்றன. அதே வசதியை என் வீட்டில் கொடுக்க எனக்கு இவ்வளவு நாள் ஆனது. இப்போது எங்களுக்குள் பேசி வைத்திருப்பது: வாரம் ஒரு நாள் விடுமுறை, மாதம் ஒரு நாள் காரணம் கேட்காத லீவு, காய்ச்சல் என்றால் அது கணக்கிலேயே வராது. நாங்கள் ஊருக்குப் போனாலும் சம்பளம் உண்டு. ஒன்றாம் தேதி தாண்டாது. எங்கள் வசதிக்குக் கூடுதல் வேலை சொன்னால் அதற்குத் தனியாகப் பணம், அதுவும் முன்கூட்டியே பேசி. பழைய துணி கொடுப்பதாக இருந்தால் துவைத்து, நான் இன்னும் உடுத்துவேன் என்ற நிலையில் இருப்பதைத்தான், வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் வருத்தமில்லை. அதைச் சம்பளத்துக்குப் பதிலாக நினைப்பதில்லை.

அவருடைய விரலில் ஒரு நாள் நீளமாக வெட்டுக்காயம். முந்தின நாள் உடைந்த கண்ணாடி டம்ளரை நான்தான் குப்பைப் பைக்குள் போட்டேன். அவருக்கே இப்படி என்றால், அந்தப் பையைக் கையால் பிரிக்கும் குப்பைக்காரம்மாவுக்கு எத்தனை தடவை கிழித்திருக்கும்? இப்போது கண்ணாடி, பிளேடு, ஊசி எதுவானாலும் கெட்டியான அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிதாக "கண்ணாடி" என்று எழுதித் தனியாகக் கையில் கொடுப்போம். இரண்டு நிமிடம் ஆகும். உபயோகித்த நாப்கினையும் இப்படித்தான் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுவதால்தான் அடுத்தவர் கையில் போய் முடிகிறது.

குறையே சொல்லக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஏமாற்றினாலோ தப்பாக நடந்துகொண்டாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். நம்மைப் போலவே பொறுப்புள்ள ஒருவராக நினைத்தால்தான் குறையையே சொல்ல முடியும். ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அவர் முடிவு செய்யாத விஷயத்துக்கு அவரைத் திட்டாதீர்கள். கஸ்டமர் கேரில் பேசுகிறவர் விதியை எழுதவில்லை, படித்துக் காட்டுகிறார். நான் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பேன்: "இது உங்க தப்பு இல்லைன்னு தெரியும். ஆனா எனக்கு இது சரியாகணும். யார்கிட்ட பேசணும்?" கத்தினால் கிடைக்கும் பதிலைவிட இதற்கு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. கிடைக்காத நாளும் உண்டு. அன்றைக்கும் போனை வைக்கும்போது எனக்குப் படபடப்பு இல்லை.

அதேபோல நல்லதைப் பார்த்தால் எழுத்தில் கொடுங்கள். மூன்று வருடத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர் புகார்ப் புத்தகத்தில் என் பெயர், தேதி, நேரம் போட்டு, "பொறுமையாக விளக்கினார்" என்று எழுதினார். மறுநாள் காலை அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். வாயால் சொல்லும் நன்றி எங்களுக்கு. எழுதிய நன்றி மேலே உள்ளவர்கள் கண்ணுக்கு. சம்பள உயர்வு பேசும் நாளில் இரண்டாவதுதான் உதவும்.

போன வாரம் ஒரு கடையில் வரிசையில் நின்றிருந்தேன். பில் போட்ட பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். என் முறை வந்ததும் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் கோடு தெரியும் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தேன். நாலைந்து பொருள் போனதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மேடம், நீங்க இந்த வேலை பார்த்திருக்கீங்களா?"

"மூணு வருஷம்" என்றேன். "உட்கார ஏதாவது கொடுத்திருக்காங்களாம்மா?"

காலால் கவுன்டருக்கு அடியில் காட்டினார். ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் பைக்கட்டுகள் அடுக்கியிருந்தன.

"இருக்கு மேடம். உட்கார்ந்தா சூப்பர்வைசர் பார்ப்பார்."

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. பில்லை வாங்கிக்கொண்டு, புகார்ப் புத்தகம் எங்கே என்று கேட்டேன்.